அட்டவணையில் ‘கொழுக்கட்டை’ தேடினால் பாதிதான் வருகிறது. சமையல் குறிப்புத் தொகுப்பில் மூன்று சிக்கல்கள், உதவி தேவை

அஞ்சறைப்பெட்டி:

வீட்டுச் சமையல் குறிப்புகளை ஒரே அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து நோட்டு இரண்டு, வார இதழ்களில் கத்தரித்த துண்டுகள், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள். பாமினிக் கோப்புகளை இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். துண்டுகளை ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக்கும் முறை) செய்தேன். மொத்தம் 412 குறிப்பு.

1. ‘கொழுக்கட்டை’ என்று தேடினால் 3 வருகிறது. கண்ணால் எண்ணினால் 7. சொதி, போளி, கோதுமை எல்லாவற்றிலும் இதே கதை. ‘அடை’, ‘இட்லி’ சரியாக வருகின்றன.
2. நோட்டில் ஆழாக்கு, உழக்கு, பலம் என்றுதான் அளவு. 1 ஆழாக்கை 168 கிராம் என்று வைத்து எல்லாவற்றையும் கிராமாக்கினேன். மைசூர்பாகில் கணக்கு இடிக்கிறது: ஆழாக்குக் கடலைமாவுக்கு 168 கிராம் என்பது ரொம்ப அதிகமாகத் தெரிகிறது.
3. நோட்டின் சில பக்கங்கள் எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. படம் எடுத்தால் பின்பக்க எழுத்தும் சேர்ந்து விழுகிறது. லேமினேட் செய்துவிடலாமா?

மத்து:

முதல் சிக்கலுக்குத் துப்பு நீங்களே கொடுத்துட்டீங்க. தவறுற சொல் எல்லாத்துலயும் கொ, சொ, போ, கோ இருக்கு. யூனிகோடுல ‘ொ’ங்கிறதுக்கு ஒரே குறியீடு உண்டு. அதையே ‘ெ’, ‘ா’ன்னு ரெண்டு குறியீடாவும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா பல செயலிகள் தேடும்போது ரெண்டையும் வேற வேறன்னு எடுத்துக்கும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல கொம்பு முன்னாடி, கால் பின்னாடின்னு தனித்தனியாத்தான் அடிப்போம். அரைகுறை மாற்றி கொம்பை இடம் மாத்தி வச்சுட்டு, காலோட சேர்க்காம விட்டுடும்.

சோதனை: கிடைக்காத கட்டத்துல ‘கொ’வுக்கு அடுத்து கர்சரை வச்சு, கணினியில பேக்ஸ்பேஸ் ஒரு தடவை அடிங்க. ‘க’ மிஞ்சினா சரியான எழுத்து. ‘கெ’ மிஞ்சினா உடைஞ்ச எழுத்து.

அஞ்சறைப்பெட்டி:

‘கெ’தான் மிஞ்சுகிறது. கிடைக்கிற மூன்றிலும் ‘க’. 412ஐயும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டுமா?

மத்து:

வேண்டாம். ஒவ்வொரு பத்தியா நகலெடுத்து நோட்பேட்++ல ஒட்டுங்க. விண்டோசின் தமிழ் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில குறிகளைத் தனியா அடிக்க முடியும். தேடு கட்டத்துல ெ, அடுத்து ா. மாற்று கட்டத்துல ொ. எல்லாத்தையும் மாத்துங்க. அப்புறம் ே, ா → ோ. தமிழ்ல இந்த ஜோடி வேற எந்த இடத்துலயும் வராது, அதனால தைரியமா மொத்தமா மாத்தலாம்.

‘ௌ’வும் ‘ெ’, ‘ள’ன்னு உடைஞ்சிருக்கலாம், அதை மட்டும் கண்ணால பாருங்க. கொம்புக்கு அப்புறம் உண்மையான ‘ள’ வர்ற சொல்லும் இருக்கு. கெளுத்தி மீனை மொத்தமா மாத்தினா கௌுத்தின்னு ஆயிடும்!

மாத்தினதைப் பழைய பத்தி மேலேயே ஒட்டாதீங்க. பக்கத்துல புதுப் பத்தியில ஒட்டி, கடைசி வரி 412லதான் முடியுதான்னு பாருங்க. ஒரே கட்டத்துக்குள்ள வரி உடைச்சு எழுதியிருந்தா வரிசை நழுவும்.

பால்பேணி:

இன்னும் மாத்தாத பாமினிக் கோப்பு இருந்தால் அந்த இணைய மாற்றியை விட்டிட்டு என்எச்எம் கன்வெர்ட்டரில போட்டுப் பாருங்கோ. எதில போட்டாலும் முதல் கோப்பில பேக்ஸ்பேஸ் சோதனை செய்துபோட்டு மிச்சத்தை மாத்துங்கோ. மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். யாழ்ப்பாணக் குறிப்பெண்டால் அளவு சுண்டு, பேணி எண்டு இருக்கும். அதை ஆழாக்குக் கணக்கில சேர்க்காதேங்கோ.

கல்சட்டி:

இரண்டாவது சிக்கல். 168 என்பது மில்லி, கிராம் அல்ல. படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் முகத்தல் அளவு. 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. ஆழாக்கு 168 மில்லி என்று கொண்டால் உழக்கு 336, உரி 672, படி சுமார் 1,344 மில்லி. பலம், சேர், வீசை ஆகியவை எடை: பலம் சுமார் 35 கிராம், 8 பலம் 1 சேர் (280 கிராம்), 40 பலம் 1 வீசை (1.4 கிலோ). ‘ஒரு ரூபாய் எடை’ என்று வந்தால் அது ஒரு தோலா, 11.66 கிராம்.

ஓர் ஆழாக்கு அரிசியோ சர்க்கரையோ ஏறத்தாழ 140 கிராம் நிற்கும். சலித்த கடலைமாவு 65 முதல் 85 கிராம்தான், எவ்வளவு அழுத்தி அளக்கிறோம் என்பதைப் பொறுத்து. மாவுக்கு 168 என்று போட்டதால் உங்கள் மைசூர்பாகில் சர்க்கரைக்கு எதிரே மாவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. அது கட்டியாகத்தான் வரும்.

உரல்:

எங்கள் பக்கத்தில் 200 மில்லி டம்ளரையே ஆழாக்கு என்கிறார்கள். 168 என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது.

கல்சட்டி:

ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கு ஊர், சில சமயம் வீட்டுக்கு வீடு மாறும். நோட்டு எழுதப்பட்ட வீட்டின் அளவுப் பாத்திரம் இன்னும் இருந்தால் அதைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் மில்லி. பாத்திரம் இல்லையென்றால் 168. ரைஸ் குக்கருடன் வரும் கப் பொதுவாக 180 மில்லி. அதில் துளி குறைத்தால் போதும்.

‘தலைதட்டி’, ‘குவித்து’ என்று நோட்டில் இருந்தால் விடாமல் ஏற்றுங்கள். குவித்த ஆழாக்கு பெரியது.

முக்கியமாக, நோட்டில் உள்ள அளவை அழித்துவிட்டு கிராமை எழுதாதீர்கள். ‘மூல அளவு’ ஒரு பத்தி, ‘கிராம்/மில்லி’ இன்னொரு பத்தி. உப்பில் கல் உப்பா தூள் உப்பா, பெருங்காயம் கட்டியா பொடியா என்பதும் இருக்கட்டும். கரண்டி அளவில் தூள் உப்பு கூடுதலாக ஏறும்.

உரல்:

மூன்றாவதுக்கு: லேமினேஷன் வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது, பழுத்துக் கறை விடும். மலிவான பிவிசி உறையில் நாள்பட மை ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். கத்தரித்த துண்டுகளில் ஸ்டேப்லர் பின் இருந்தால் எடுத்துவிடுங்கள், துருப்பிடிக்கும். மைதாப் பசை போட்டு ஒட்டினால் பூச்சிக்கு விருந்து.

படம் எடுக்க: பக்கத்துக்கு அடியில் கறுப்புத் தாள் வையுங்கள். வெள்ளைத் தாளில் பட்டு ஒளி திரும்புவதால்தான் பின்பக்க எழுத்து தெரிகிறது, கறுப்பு வைத்தால் வெகுவாக மங்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும், ஃபிளாஷ் வேண்டாம். ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளை வடிகட்டியைப் போட்டால் பென்சில் குறிப்பு காணாமல் போகும், கலரிலேயே வைத்திருங்கள். கோப்புக்கு ‘நோ1-043’ என்று எண் கொடுத்து அதே எண்ணை அட்டவணையிலும் போடுங்கள். எண்ணுக்குப் பதிலாகப் பண்டத்தின் பெயரை வைத்தால், குறியீட்டு வரிசையில் அடுக்கும் செயலிகளில் பசலைக்கு அப்புறம் பச்சடி வரும். அகராதி வரிசை நேர்மாறு.

மத்து:

இன்னொண்ணு. மோர்க்குழம்பு, மோர்குழம்பு, மோர் குழம்பு, வத்தல், வற்றல், துவையல், தொகையல். ஒரு வீட்டு நோட்டுலயே மூணு விதமா இருக்கும். நோட்டுல உள்ள பெயரைத் திருத்தாம, ‘தேடு பெயர்’னு தனிப் பத்தி வச்சு ஒரே எழுத்துக்கூட்டல்ல போடுங்க. ‘காலை, மதியம், இரவு’ன்னு பிரிக்கிறது வீண் வேலை, அடை எதுல சேரும்? அதுக்குப் பதிலா ‘எத்தனை மணி நேரம் முன்னாடி தொடங்கணும்’னு ஒரு பத்தி போடுங்க. சாயங்காலம் 5 மணிக்கு என்ன பண்ணலாம்னு பார்க்க, 1க்குக் கீழே வடிகட்டினா போதும்.

அஞ்சறைப்பெட்டி:

மாற்றிவிட்டேன். கொழுக்கட்டை 7ம் வருகிறது. மைசூர்பாகு வரியையும் திருத்தியாயிற்று. ஆனால் ‘தக்காளி’ தேடினால் ஒரு தொக்கு மட்டும் இன்னும் வரவில்லை. ‘தக்காளி’யில் ஒகரமே இல்லையே?

மத்து:

அது கத்தரிச்ச துண்டா? ஓசிஆர் காலை ‘ர’ன்னு படிச்சிருக்கும். ‘தக்கரளி’ன்னு தேடிப் பாருங்க.

அஞ்சறைப்பெட்டி:

கிடைத்தது. ‘தக்கரளி 5’. ‘பரயசம்’ கூட ஒன்று இருக்கிறது.

மத்து:

அப்போ பொருள் பத்தியில உள்ள சொல்லையெல்லாம் வரிக்கு ஒண்ணாப் பிரிச்சு, அகர வரிசையில அடுக்கி, இரட்டிப்பை நீக்கிட்டு ஒரு தடவை ஓட்டமாப் படிங்க. ‘தக்காளி’க்கு முந்தின வரியில ‘தக்கரளி’ மாதிரி பக்கத்து பக்கத்துல நிக்கும், சுலபமா மாட்டும்.