லேன்ஸ்டவுன் தெரு டிக்கெட்: ஆண்டு தெரிந்தால் சொல்லுங்கள்

பாஸ்டன் பங்க் இசைக்குழு டிராப்கிக் மர்ஃபிஸின் ரசிகர்களுக்கு வணக்கம். மார்ச் 17இல் வரும் ஐரிஷ் விழாவான செயின்ட் பேட்ரிக் தினத்தையொட்டி பாஸ்டனில் அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் கச்சேரிக்குப் போனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

என் கணவருடைய பழைய டிக்கெட் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது; மங்கிய எழுத்தில் லேன்ஸ்டவுன் தெரு என்பது மட்டும் தெரிகிறது. சிக்கலே அதுதான். 2002 மார்ச்சில் அவர்களின் நேரடிக் கச்சேரி ஆல்பம் பதிவான அவலான் அரங்கமும் அதே தெரு. அதை இடித்த இடத்தில் எழுந்து, 2009இல் திறந்த ஹவுஸ் ஆஃப் ப்ளூஸ் அரங்கமும் அதே தெரு. அவரைக் கேட்டால், பேக்பைப் ஒலித்ததும் கூட்டம் போட்ட கூச்சலையும், கடைசியில் ரசிகர்கள் மேடையேறிப் பாடகரையே மறைத்துவிட்டதையும் விவரிக்கிறார். ஆண்டைக் கேட்டால் மட்டும் விழிக்கிறார்! இசை ஞாபகத்துக்கு நாட்காட்டி கிடையாது போலும்.

அரங்கில் மாடங்கள் அடுக்கடுக்காக இருந்தனவாம். அவலானின் உட்புறம் எப்படி இருந்தது? அந்தக் கால டிக்கெட் வைத்திருப்பவர்கள் படம் போட்டால் அச்சை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன். பெயர், பார்கோடு இருந்தால் மறைத்துவிடுங்கள். சட்டம் போட்டு மாட்டுவதற்குள் ஆண்டை எழுதிவிட வேண்டும்.