ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும்போது உதடு வெடிப்பு: தேங்காய் எண்ணெய் போதுமா?

மருந்துச்சீட்டு:
பொள்ளாச்சி இளநீர் என்ற பெயரில் எழுதுபவர் நேற்று இன்னொரு இழையில் எழுதியது இது: "கடுமையான முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுக்கிறவர்களுக்கு உதடு வெடித்தால் தேங்காய் எண்ணெய் போதும். வாஸலின் பெட்ரோல் கழிவு, தொடாதீர்கள்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த மாத்திரை எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கும், தோலின் மேலடுக்கை மெலிதாக்கும். உதட்டின் சிவந்த பகுதியில் எண்ணெய் சுரப்பதே அபூர்வம். அதனால்தான் மாத்திரை எடுக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் முதலில் உதடு காய்கிறது. அங்கே வேண்டியது ஈரத்தை வெளியே விடாமல் மூடுகிற கெட்டியான படலம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். உதட்டில் வைத்த கொஞ்ச நேரத்தில் தாடைக்கு வழிந்துவிடும். வாஸலின் உடம்புச் சூட்டில் இளகும், ஓடாது. அதைக் கழிவு என்பவர் மருந்துகளின் தர நூலான இந்தியன் பார்மகோபியாவைத் திறந்து, வாஸலினின் மருந்துப் பெயரான 'ஒயிட் சாஃப்ட் பாரஃபின்' என்பதைத் தேடிப் பார்க்கட்டும்.

பொள்ளாச்சி இளநீர்:
வந்துட்டாரு. போன மாசம் சன்ஸ்க்ரீன் இழையிலயும் இவருதான் நீதிபதி. 24 டிகிரியில உருகுதுன்னா என்ன சார்? உருகினாத்தான் தோலுக்குள்ள இறங்கும். பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒண்ணு 2004ல வந்திருக்கு. காஞ்ச சருமத்துக்குத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் சமமா வேலை செஞ்சுது. படிச்சிட்டு வந்து பேசுங்க.

மருந்துச்சீட்டு:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். அது 34 பேர் காலில் இரண்டு வாரம் தடவிப் பார்த்த ஆய்வு. கால் தோலும் உதடும் ஒன்றா? அவர்களில் யாரும் இந்த மாத்திரைக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் இல்லை. ஒப்பிட்டதும் மினரல் ஆயிலோடு, அதுவும் ஓடுகிற எண்ணெய். வாஸலினோடு ஒப்பிடவே இல்லை. 24 டிகிரி, 24 டிகிரி, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வைகை:
ஒரு நிமிடம். 'உதடு காய்கிறது' என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? வெறும் வறட்சியா, பிளந்து ரத்தம் வருவதா, வாயோரத்தில் வரும் புண்ணா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. அதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

பொள்ளாச்சி இளநீர்:
ஓடுதுன்னா திரும்பத் தடவுங்க. காசா பணமா? செக்குல ஆட்டின எண்ணெய் வீட்லயே இருக்கு. வாஸலின் மேலயே உக்காந்திருக்கும், உள்ள ஒரு சொட்டு போகாது.

மருந்துச்சீட்டு:
மேலே உட்காரத்தானே அதைத் தடவுகிறோம்! உள்ளே போகாததுதான் அதன் பலமே. தடவும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "தடவினேன், கேட்கவில்லை" என்பவர்களில் பெரும்பாலோர் காய்ந்த உதட்டில் தடவுகிறார்கள். உதட்டைத் தண்ணீரில் நனைத்து, ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே கனமாகப் பூச வேண்டும். பல் துலக்கும் முன் ஒரு முறை, ஏனென்றால் பற்பசையின் நுரையும் புதினாக் காரமும் வெடிப்பில் இறங்கும். சாப்பிடும் முன் ஒரு முறை, ஊறுகாயும் ரசமும் படாமல் இருக்க. படுக்கும் முன் இன்னும் கனமாக. மென்தால், கற்பூரம், வாசனை சேர்த்த லிப் பாம்களைத் தூக்கி எறியுங்கள். முதலில் சில்லென்று இருக்கும், பிறகு எரியும், எரிந்தால் நாக்கால் நக்குவீர்கள், எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகும். உரியும் தோலைப் பிய்க்கவே கூடாது.

சரவெடி:
வாயோரப் புண்ணுக்கு இவ்வளவு பாடம் எதுக்கு? மெடிக்கல்ல ஒரு ட்யூப் கேட்டா தர்றாங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்.

மருந்துச்சீட்டு:
எந்த ட்யூப்? க்ளோபெட்டசால், பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்ததுதானே? அது வீரியமான ஸ்டீராய்டு. இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், நிறுத்தியதும் வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாகக் கிளம்பும், தோல் இன்னும் மெலியும். பருவுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே பருவை வரவழைக்கும் கிரீமைத் தடவுவதா? வாயோரப் புண் பல நேரம் பூஞ்சையாலும் வரும், ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியாலும் வரும். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு மூக்குக்குள் அந்தக் கிருமி குடியேறுவது சகஜம். பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோலா, கிருமிக்கான முபிரோசினா என்று தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வைகை:
அதைத்தானே நான் பிரிக்கச் சொன்னேன்...

பொள்ளாச்சி இளநீர்:
மூக்குன்னதும் ஞாபகம் வருது. மூக்கு காஞ்சு ரத்தம் வந்தா உள்ளயும் வாஸலின் தடவச் சொல்றவங்கதானே நீங்க? அது நுரையீரலுக்குப் போனா நிமோனியா மாதிரி ஆகும்னு டாக்டருங்களே எழுதியிருக்காங்க. இப்ப எங்க போச்சு உங்க பார்மகோபியா?

மருந்துச்சீட்டு:
எண்ணெய்ப் பொருள் எதுவாக இருந்தாலும், நீண்ட நாள் அள்ளி அள்ளி வைத்தால் அபூர்வமாக அப்படி ஆகும். ஓடுகிற எண்ணெய்க்கு அந்த ஆபத்து கூடுதல்தான், குறைவு இல்லை. 24 டிகிரி மறுபடியும் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. மூக்குக்கு முதலில் சலைன், அதாவது உப்புநீர்ச் சொட்டு மருந்து, நாளுக்கு மூன்று நான்கு முறை. அதற்கும் கேட்காவிட்டால் அரிசி அளவு களிம்பு, மூக்குத் துளையின் வாசலருகே நடுத்தண்டில் மட்டும், படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். ரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள்தான் போகும்.

கயல்:
உதட்டையே பிடிச்சு தொங்கறீங்களே, பார்லர் விஷயத்தை யாராவது சொல்லக் கூடாதா? மாத்திரை எடுக்கும்போது வாக்ஸிங் செஞ்சா தோலும் சேர்ந்து உரிஞ்சு வரும். நிறுத்தி ஆறு மாசம் வரைக்கும் வேண்டாம்னு மருந்து அட்டைக்குள்ள இருக்கற தாள்லயே இருக்கு. மேல்உதட்டுக்கு த்ரெடிங்கும் அப்ப வேண்டாம். எல்லாத்தையும் விட முக்கியம், கர்ப்பம். வயித்துல இருக்கற குழந்தையைக் கடுமையா பாதிக்கற மருந்து இது. தொடங்கறதுக்கு ஒரு மாசம் முன்னாலேருந்து, நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கருத்தடை கட்டாயம். ரத்த தானமும் அதுவரைக்கும் கூடாது. ஆம்பளைங்களும் கொடுக்கக் கூடாது, அந்த ரத்தம் கர்ப்பிணிக்கு ஏறலாம்.

சரவெடி:
கயல் மேடம் சொன்னது சரி. ஆனா மருந்துச்சீட்டு அண்ணே, என் ட்யூப் பேச்சுக்கு அவ்வளவு கோபம் எதுக்கு? உதடு ரொம்ப வெடிச்சா மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா முடிஞ்சுது.

மருந்துச்சீட்டு:
முடியாது தம்பி. பெரும்பாலும் உடல் எடையில் கிலோவுக்கு அரை முதல் 1 மில்லிகிராம் வரை தினமும் கொடுப்பார்கள், மொத்தம் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் சேரும்வரை. 60 கிலோ உள்ளவருக்கு மொத்தம் 7,200 முதல் 9,000. நீங்களாகப் பாதியாக்கினால் சிகிச்சை இரண்டு மடங்கு நீளும். இல்லை, பாதியில் நிறுத்திப் பரு திரும்பும். அளவைக் குறைக்கலாம், அடிக்கடி குறைப்பார்கள்தான், ஆனால் அந்தக் கணக்கு எழுதிக்கொடுத்தவர் கையில் இருக்க வேண்டும். மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள், கொழுப்பில்லாமல் அது சரியாக உறிஞ்சப்படாது. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு "உதடே காயவில்லை, நல்ல மருந்து" என்று மகிழ்கிறவர்கள் உண்டு. உதடு கொஞ்சமும் காயவில்லை என்றால் மருந்து உடம்பில் சேர்கிறதா என்றுதான் மருத்துவர் சந்தேகப்படுவார்.

பொள்ளாச்சி இளநீர்:
கொழுப்போட சாப்பிடணுமா? அப்ப தேங்காய்ச் சட்னியோட சாப்பிட்டா நல்லதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க!

மருந்துச்சீட்டு:
வயிற்றுக்குள் தேங்காய் போவதை யார் தடுத்தார்? நான் சொல்வது உதட்டை. வயிற்றுக்கு நெய், முட்டை, நிலக்கடலை எதுவும் சரி. வைட்டமின் ஏ மாத்திரையும் காட் லிவர் ஆயிலும் வேண்டாம், இந்த மாத்திரையோடு சேர்ந்தால் நஞ்சாகும்.

வைகை:
பருவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான டாக்ஸிசைக்ளின் இதோடு சேரக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள். மண்டைக்குள் அழுத்தம் ஏறி, விடாத தலைவலியும் பார்வை மங்கலும் வரலாம். பழைய சீட்டில் மீந்த பரு மாத்திரைகளைச் சேர்த்துப் போடுகிறவர்கள் நிறைய. மனம் காரணமில்லாமல் சோர்ந்தாலும் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சி இளநீர்:
வைகை, நீங்களும் அவர் கட்சியா? கன்னியாகுமரியிலேருந்து கேரளா பூரா உதட்டுக்கு எண்ணெய்தான். அங்க யாருக்கும் உதடு இல்லையா?

வைகை:
நான் யார் கட்சியும் இல்லை. அங்கே இருக்கிற எல்லோரும் ஐசோட்ரெட்டினாயினா சாப்பிடுகிறார்கள்?

மருந்துச்சீட்டு:
அப்படிக் கேளுங்கள். சாதாரணப் பனிக்கால வெடிப்புக்கு எண்ணெய் போதும், அதை யார் மறுத்தார்? இங்கே மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் தோல் மெலிந்துகொண்டிருக்கிறது. 24 டிகிரியில் உருகுவது அங்கே நிற்காது.

பொள்ளாச்சி இளநீர்:
நிக்கும். கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்துக் காய்ச்சினா கெட்டியாயிடும். அப்ப உங்க 24 என்ன ஆகும்?

மருந்துச்சீட்டு:
அப்போது அது தேங்காய் எண்ணெய் இல்லை, மெழுகுக் களிம்பு. நீங்கள் எழுதியது "தேங்காய் எண்ணெய் போதும்" என்று. அந்த வரியைத் திருத்துங்கள், பிறகு பேசலாம்.

பொள்ளாச்சி இளநீர்:
திருத்த மாட்டேன்.

கயல்:
இந்த மாத்திரையால வர்ற கண்ணு எரிச்சலுக்கு என்ன சொட்டு மருந்துன்னு எனக்கு யாராவது பதில் சொல்லுவீங்களா? கான்டாக்ட் லென்ஸ் போட முடியலைன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லணும்.

மருந்துச்சீட்டு:
கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், பிரிசர்வேட்டிவ் இல்லாதது. சிகிச்சை முடியும்வரை கண்ணாடியே போடட்டும். இளநீர், அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது.