இடுப்பு மூட்டு உராய்வுக்குச் சத்திரசிகிச்சை அவசியமா?

கேள்வி (வெள்ளவத்தை):
வணக்கம். எனக்கு 34 வயது. சப்பாத்துக் கட்டக் குனியும்போது கவட்டில் குத்தும் வலிக்குக் காரணம், தொடையென்பின் கழுத்தோரத்திலுள்ள மேடு மூட்டுக்குழியின் விளிம்பில் இடிப்பதே என்று கூறிய வைத்தியர், துளைவழிச் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைத்துள்ளார். உடனே செய்துகொள்ளலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள், தம்பி. வலியே இல்லாத பலரின் கதிர்ப்படத்திலும் இம்மேடு தெரிவதுண்டு. முதலில் சில மாதங்கள் இயன்மருத்துவரின் வழிகாட்டலில் இடுப்புத் தசைகளைப் பலப்படுத்துங்கள்.

பதில் 2:
பயிற்சி அவசியமே. எனினும், பிரித்தானியாவில் 348 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், ஓராண்டின் பின்னர் இயன்மருத்துவப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களைவிடச் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களே சற்றுக் கூடுதலாகத் தேறியிருந்தனர். ஆனால் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு இடைவெளி ஏற்கெனவே குறுகியிருந்தால் பலன் குறைவு. அதை வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பதில் 3:
மேட்டைச் சீவிய பின்னர் சில வாரங்கள் ஊன்றுகோலுடன் நடக்க நேரிடும். விடுமுறையை முன்கூட்டியே ஒழுங்குசெய்யுங்கள்.