துபதாஹா பயணத்துக்கு 24 டைவ் அனுபவம் போதுமா?

திருச்சி வேணு

வணக்கம். பிலிப்பைன்ஸின் சுலு கடலில் இருக்கும் துபதாஹா பவளத்திட்டுகளுக்கு, படகிலேயே ஆறு இரவு தங்கி டைவ் (சிலிண்டரோடு முக்குளிப்பது) செய்யும் பயணம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. கோலாலம்பூரில் வேலை செய்யும் நண்பனின் குழுவில் ஒருவர் விலகிவிட்டார். அந்த இடத்துக்கு என்னை அழைக்கிறான். ஏப்ரல் மூன்றாம் வாரம், பலவான் தீவின் புவேர்ட்டோ பிரின்செசாவில் ஏறி அங்கேயே இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும்.

புதுச்சேரியில் தொடக்கநிலைச் சான்றிதழ் வாங்கினேன். பிறகு இரண்டு முறை அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போய்வந்தேன். மொத்தம் 24 டைவ். 18 மீட்டருக்குக் கீழே இறங்கியதில்லை. நீரோட்டத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் லேசானது. காற்று எனக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. குழுவில் முதலில் மேலே வருபவன் நான்தான்.

இது இரண்டு வருடச் சேமிப்பு. பணம் போவதைப் பற்றிக் கவலையில்லை, போய் எதையும் அனுபவிக்க முடியாமல் திரும்பிவிடக் கூடாது. இன்னும் சில சந்தேகங்கள்: எனக்கு மூக்குக்கண்ணாடி உண்டு, சைவம், படகில் தலை சுற்றும். "வழிகாட்டி இருக்கிறார், பார்த்துக்கொள்வார்" என்கிறான் நண்பன். போகலாமா?

மதுரை அருள்

நான் 30 டைவ் முடித்திருந்தபோது போனேன். ஒரு குறையும் இல்லை. எங்கள் படகில் நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி. புதியவர்களைத் தனியாகப் பிரித்து நீரோட்டம் குறைந்த இடங்களில்தான் இறக்கினார்கள். ஷார்க் ஏர்போர்ட் என்ற இடத்தில் மணல் சரிவில் வெள்ளைநுனிச் சுறாக்கள் வரிசையாகப் படுத்திருப்பதைப் பார்த்தேன், இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் படகிலும் அப்படிப் பிரிப்பார்களா என்று முதலில் கேளுங்கள். பிரிப்பார்கள் என்றால் துணிந்து போங்கள். இத்தகைய வாய்ப்பு தானாக வருவது அபூர்வம்.

உட்லண்ட்ஸ் மங்கை

தம்பி வேணு, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், வயது 52. துபதாஹாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை என் கணக்கில் 31 டைவ், இரண்டாம் முறை 140. முதல் முறை போனதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன். அதனால் இந்த ஏப்ரலில் போகாதீர்கள் என்பதுதான் என் பதில்.

அந்த இடம் கரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மாலையில் கிளம்பினால் விடியும்போதுதான் போய்ச்சேரும். மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான் படகுகள் போகும். மற்ற மாதங்களில் கடல் விடாது. அங்கே ஊர் இல்லை, விடுதி இல்லை. வடக்குத் திட்டின் மணல்மேட்டில் ஒரு காவலர் நிலையம் மட்டும் உண்டு. உடம்புக்கு ஏதாவது என்றால் திரும்பவும் ஓர் இரவு முழுக்கப் படகில் வந்தால்தான் மருத்துவமனை.

திட்டின் விளிம்பு சுவர்போல நேராக இறங்குகிறது. ஹேவ்லாக்கில் மிதப்பு தவறினால் மணலில் போய் உட்காருவோம், அவ்வளவுதான். இங்கே காலுக்குக் கீழே தரையே கிடையாது. நீலம் மெல்லக் கறுப்பதுதான் தெரியும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் காலை, வாஷிங் மெஷின் என்ற இடம். நீரோட்டம் புரட்டிப்போடும் என்பதால்தான் அந்தப் பெயர். இறங்குமுன் வழிகாட்டி பலகையில் படம் வரைந்து, சுவரை ஒட்டியே வாருங்கள் என்று இரண்டு முறை சொன்னார். தலையாட்டினேன். 22 மீட்டரில் என் மூச்சுக்குமிழ்கள் மேலே போகவில்லை. என் கண்ணாடிக்கு முன்னால் சுழன்று, தோளைத் தாண்டி, கீழே போயின. குமிழ் கீழே போவதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் கையில் கட்டியிருந்த ஆழம் காட்டும் கம்ப்யூட்டரில் 25 மீட்டர், பிறகு 28.

பதறிப்போய்க் காலை உதைத்தேன். என் வலது ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) ஒரு கடல்விசிறியில், அதாவது விசிறிபோல் விரியும் பவளத்தில், அடித்தது. இளஞ்சிவப்பு நிறம், என் இடுப்பு உயரம் இருக்கும். பாறையைப் பிடித்திருந்த அடித்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளை ஒடிந்து, தோல் மட்டும் ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தில் ஆடியது. அதன் பின்புறம் சுருண்டிருந்த சின்ன நொறுங்கு நட்சத்திர மீன் ஒன்று ஒவ்வொரு கையாக எடுத்துவைத்து உடையாத பக்கத்துக்கு நகர்ந்தது. அந்தக் கணத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் காற்றை அல்ல. வழிகாட்டி என் சிலிண்டர் வால்வைப் பற்றி, சுவரின் ஒரு மடிப்புக்குள் இழுத்து நிறுத்தினார். மேலே வந்தபோது சிலிண்டரில் காற்றழுத்தம் 30 பார்தான் மீதமிருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. அந்த விசிறி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும் என்று மட்டும் சொன்னார். அன்று மதியம் நான் தண்ணீரில் இறங்கவில்லை.

அருள் சொல்வது பொய்யில்லை. நல்ல படகு, அமைதியான வாரம் அமைந்தால் 30 டைவ் போதும். ஆனால் நீரோட்டம் நம் கணக்கைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வேணு, "வழிகாட்டி பார்த்துக்கொள்வார்" என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவர் உங்களைப் பார்த்துக்கொள்வார், சரி. உங்கள் காலடியில் இருப்பதை யார் பார்த்துக்கொள்வது?

அந்தத் திட்டை உயிரோடு வைத்திருக்கப் படும் பாட்டை நேரில் பார்த்தேன். 1988இல் தேசியப் பூங்கா ஆனது, 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இன்று 97,030 ஹெக்டேர். அந்தப் பரப்பு முழுவதும் மீன்பிடிக்கத் தடை, நங்கூரம் போடவும் கூடாது. படகுகள் மிதவைகளில்தான் கட்டிக்கொள்ள வேண்டும். கடற்படை, கடலோரக் காவல், பூங்கா அலுவலகம், ககயான்சிலோ நகராட்சி ஆகியவற்றின் ஆட்கள் வீட்டைவிட்டு வந்து முறைவைத்து அந்த மணல்மேட்டில் காவல் இருக்கிறார்கள். எங்கள் படகு அவர்களுக்குக் காய்கறியும் மாம்பழமும் கொண்டுபோனது. மாம்பழக் கூடையை வாங்கிக்கொண்டவர், கரையில் மழை பெய்ததா என்றுதான் முதலில் விசாரித்தார்.

2013 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் கப்பல் அந்தத் திட்டின்மேல் ஏறிவிட்டது. மின்னணு வரைபடத்தில் திட்டின் இடம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. இழுத்தால் பவளம் இன்னும் சிதையும் என்பதால் கப்பலை அங்கேயே துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். சேதம் சுமார் 2,345 சதுர மீட்டர் என்று அளந்து கணக்கிட்டார்கள். அமெரிக்கா 8.7 கோடி பெசோ இழப்பீடு கொடுத்தது. கப்பல் உடைத்ததற்கு அளவும் கணக்கும் உண்டு. என்னைப்போல் உதைத்து உடைப்பவர்களின் சேதத்தை யாரும் அளப்பதில்லை.

தூத்துக்குடி செல்வம்

மங்கை அக்கா எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பாறை போனால் அலையைத் தடுக்க என்ன இருக்கிறது? அதனால் ஒரு கிளை ஒடிந்ததை இவ்வளவு நாள் மனத்தில் வைத்திருப்பவர் சொல்வதைக் கேளுங்கள், தம்பி.

எப்போது போனாலும், அங்கே பார்க்கப்போகிறவற்றுக்கு நம் பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள். கூட்டமாகச் சுழல்வது பாரை. நீண்ட வாயோடு அசையாமல் நிற்பது சீலா. பொந்தில் இருந்து முறைப்பது களவா. கொம்புத் திருக்கை, பேராமை, அழுங்காமை எல்லாம் நம் கடலிலும் உண்டு. திமிங்கலச் சுறா என்று பத்திரிகைகள் எழுதுவதை எங்கள் பக்கம் அம்மணி உழுவை என்போம்.

திருச்சி வேணு

அக்கா, நேற்றிரவு மூன்று முறை படித்தேன். படகுக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் ஒரே குழுவாகத்தான் இறங்குவார்களாம், புதியவர்களைத் தனியாகப் பிரிப்பதில்லையாம். முன்பணம் கட்டவில்லை. நண்பனுக்கு வருத்தம்தான். அடுத்த ஆண்டுக்குள் என்னைத் தயார்செய்துகொள்ள எங்கிருந்து தொடங்க வேண்டும்? காற்று சீக்கிரம் தீராமலிருக்க வழி உண்டா?

உட்லண்ட்ஸ் மங்கை

நல்ல முடிவு, தம்பி. பணத்தைத் தொடாமல் வையுங்கள்.

காற்றிலிருந்தே தொடங்குவோம். பெரும்பாலும் எடைதான் காரணம். தேவைக்கு மேல் ஈயம் கட்டிக்கொண்டு, அதைச் சமாளிக்க மிதப்பு உடுப்பில் காற்றை ஏற்றி, கால் தாழ்ந்து உடம்பு சாய்ந்து நீந்துகிறோம். அப்போது ஒவ்வோர் உதையும் வீண். அடுத்த முறை டைவ் முடிந்து சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, உடுப்பில் காற்றில்லாமல் 5 மீட்டரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். மூழ்கினால் ஈயத்தில் ஒரு கிலோ குறைத்துக்கொள்ளுங்கள். நான் 8 கிலோவில் தொடங்கி 5 கிலோவுக்கு வந்தேன், அதிலேயே பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது.

ஹேவ்லாக்கிலேயே மேல்நிலைப் பயிற்சியை முடியுங்கள். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் இரண்டிலும் ஆழமும் உண்டு, நீரோட்டமும் உண்டு. எத்தனை டைவ் என்பதைவிட எப்படிப்பட்ட டைவ் என்பது முக்கியம். இருந்தாலும் துபதாஹா போகும் பல படகுகள் 50 வரை கேட்கின்றன. செறிவூட்டிய (ஆக்ஸிஜன் கூட்டிய) காற்றுக்கான பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 32 சதவீத ஆக்ஸிஜன் கலவையில் 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, அது கண்டிப்பு. ஆனால் ஒரு நாளில் மூன்று நான்கு முறை இறங்கும் பயணத்தில் உடம்பில் நைட்ரஜன் சேர்வதை அது குறைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் இருப்பிடத்தைப் படகுக்குக் காட்டும் குழாய் மிதவையை நீருக்கடியிலிருந்து நூலில் கட்டி மேலே விடப் பழகுங்கள். சுவரிலிருந்து நீரோட்டம் உங்களைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோனால், சிறுபடகுக்காரர் தேடுவது அந்த ஆரஞ்சுக் குழாயைத்தான். அலைக்கு நடுவே தலை தெரியாது. நீச்சல்குளத்தில் இருபது முறை விட்டுப் பாருங்கள். நூல் விரலில் சிக்கக் கூடாது, நீங்களும் அதோடு மேலே போய்விடக் கூடாது.

மற்றவை சின்ன விஷயங்கள். முகக்கண்ணாடியிலேயே பவர் லென்ஸ் போட்டுக்கொள்ளலாம், கடைகளில் கிடைக்கிறது. சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள். எனக்குச் சோறும் காயும் தோஃபுவும் குறைவில்லாமல் வந்தன. ஊறுகாய் மட்டும் கொண்டுபோங்கள். தலைசுற்றலுக்கு மருத்துவரைக் கேட்டு, படகு கிளம்புவதற்கு முன்பே மாத்திரை போட்டுவிட வேண்டும். சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பலனில்லை. முக்குளிப்புக்கான காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணி நேரமாவது விடுங்கள்.

அடுத்த ஏப்ரலில் நானும் போவதாக இருக்கிறேன். டிசம்பருக்குள் நீங்கள் மிதவை விடும் காணொளி ஒன்றை இங்கே போடுங்கள். முதலில் உங்கள் கால் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.