பண்பு பேணும் திரட்டு: மங்கல் தொடர்புகளுக்கான சொல் குறித்து

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். பல மங்கல் தொடர்புகளிலிருந்து (fuzzy relations: இரண்டு பொருள்கள் எந்த அளவுக்குத் தொடர்புடையவை என்பதை 0 முதல் 1 வரையிலான மதிப்பால் சொல்பவை) ஒரே தொடர்பை உருவாக்கும்போது, அவற்றுக்கு முன்பே இருந்த தற்சுட்டு (ஒவ்வொன்றும் தன்னோடு முழுமையாகத் தொடர்புறுதல்), சமச்சீர் (இருபுறமும் ஒரே மதிப்பு), கடப்பு (இடையில் ஒன்றன் வழியாகவும் தொடர்பு தொடர்தல்) ஆகிய பண்புகள் குலையாமல் பார்த்துக்கொள்ளும் சார்புக்குப் பேராசிரியர் ஐயா அவர்கள் "ஒருங்கிணைப்புச் சார்பு" என்ற பெயரை முன்மொழிந்திருந்தார்கள். நிர்வாகத் துறையில் புழங்கிப் புழங்கி, "எல்லாம் இசைவாகக் கூடிவிட்டன" என்ற பொருளை அச்சொல் ஏற்றுக்கொண்டுவிட்டது. இங்கோ, கூடியபின் பண்பு தங்குமா தங்காதா என்பதே கேள்வி.

மூன்று நெல் ரகங்களை அ, ஆ, இ என்று கொள்வோம்; எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. மணியின் நீளத்தில் அ–ஆ ஒப்புமை 1, ஆ–இ 0.2, அ–இ 0.2. வேகும் நேரத்தில் அ–ஆ 0.2, ஆ–இ 1, அ–இ 0.2. மங்கல் கணக் கோட்பாட்டை உருவாக்கிய லோட்ஃபி சாதே 1971இல் ஒப்புமைத் தொடர்புக்குத் தந்த வரையறையில் கடப்பு என்பது இதுதான்: எந்த இணையின் மதிப்பும் மூன்றாவதன் வழியாகச் செல்லும் இரு மதிப்புகளில் சிறியதைவிடக் குறையக் கூடாது. தனித்தனியே இரண்டு தொடர்புகளும் இதை நிறைவு செய்கின்றன. இரண்டுக்கும் கூட்டுச் சராசரி எடுத்தால் 0.6, 0.6, 0.2 என்று வருகிறது; 0.2 என்பது 0.6ஐவிடக் குறைவு என்பதால், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகக் கடப்புப் பண்பு போய்விடுகிறது. பெரிய மதிப்பை எடுத்தால் 1, 1, 0.2, நிலைமை இன்னும் மோசம். சிறிய மதிப்பை எடுத்தால் தப்பிக்கிறோம். கடப்பை அளக்க இதுவரை "இரண்டில் சிறியது" என்ற விதியை வைத்திருந்தோம்; இப்படி இரு மதிப்புகளை "இதுவும் அதுவும்" என்று இணைக்கும் விதிக்கு டி-நார்ம் (t-norm) என்று பெயர். ஆனால் அந்த அளவுகோலை, இரண்டையும் கூட்டி 1ஐக் கழிக்கும் (எதிர்மமானால் 0 எனக் கொள்ளும்) வுகாசியேவிச்சின் டி-நார்முக்கு மாற்றினால் 0.6 + 0.6 − 1 = 0.2, முன்பு தோற்ற அதே சராசரி இப்போது கடப்பைக் காத்துவிடுகிறது. பெருக்கலை டி-நார்மாகக் கொண்டால் பெருக்குச் சராசரிக்கும் இதே பெருமை உண்டு. ஆகவே பண்பைக் காப்பது சார்பு மட்டும் பெற்றிருக்கும் குணமன்று. எந்த டி-நார்மைப் பொறுத்து என்று சொல்லியாக வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். தமிழகப் பாடநூல்களில் கணங்களின் "சேர்ப்பு" வேறு, சார்புகளின் "சேர்க்கை" வேறு. தொடர்புகளைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டுமே தேவைப்படுவதால், அதே வேரிலிருந்து மூன்றாவதாக ஒன்றைக் கிள்ளி எடுத்தால் மாணவர் பாடு திண்டாட்டம்தான். "தொகை" தொகையிடலை நினைவூட்டும். "திரட்டு" என்பதில் பல ஒன்றாகித் தனி உருப்பெறுதல் என்ற பொருள் இயல்பாகவே உண்டு. "தரவு திரட்டல்" ஏற்கெனவே வழக்கில் உள்ளதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது தேடிச் சேகரிக்கும் வேலை, "திரட்டுச் சார்பு" என்று சார்பைச் சேர்த்துச் சொல்லும்போது குழப்பம் எழாது என்பது என் கருத்து.

அடைமொழியாகக் "காப்பு" வேண்டாம். இலங்கையில் சக்திக் காப்பு விதி என்று வேறொரு கருத்துக்கு அது நிலைபெற்றுவிட்டது. "பேணும்" போதும்: "கடப்புப் பேணும் திரட்டுச் சார்பு". சற்று நீளம்தான், ஆனால் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது.

இன்னொன்று பாக்கி. சாமிங்கர், மெசியார், போடன்ஹோஃபர் மூவரும் 2002இல் நிறுவியபடி, ஒரு திரட்டுச் சார்பு ஒரு டி-நார்ம் வழிக் கடப்பைப் பேணுவதும், அந்த டி-நார்மோடு அதற்குப் பின்வரும் உறவு (ஆங்கிலத்தில் domination) இருப்பதும் ஒன்றே: முதலில் டி-நார்மைச் செயல்படுத்திப் பின்பு திரட்டினால் கிடைக்கும் மதிப்பு, முதலில் திரட்டிப் பின்பு டி-நார்மைச் செயல்படுத்தினால் கிடைப்பதைவிட ஒருபோதும் குறையக் கூடாது. இவ்வுறவுக்கு "ஓங்குதல்" என்ற பரிந்துரை வந்துள்ளது. மரபியலில் "ஓங்கு பண்பு" வேரூன்றியிருக்கும்போது, "பண்பு" என்ற சொல்லை வரிக்கு வரி பயன்படுத்தும் இந்தத் துறையில் அதை ஏற்பது வம்பு. "விஞ்சுதல்" எனலாமா? சமமாக இருந்தாலும் நிபந்தனை நிறைவேறுகிறது என்பதால் அச்சொல் சற்று மிகையோ என்ற ஐயம் எனக்கும் உண்டு. இதைவிடப் பொருத்தமானது இருந்தால் எழுதுங்கள். டி-நார்ம் என்ற சொல்லை இப்போதைக்கு மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவைப்போம்.

அன்புடன்,
குழு உறுப்பினன்