இருவர் மட்டும் செல்லப் பழைய பாய்மரப் படகு: ஆலோசனை தேவை

வணக்கம். மதுரையில் வசிக்கும் நானும் என் மனைவியும், தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை கரையோரமாக நிதானமாகப் பயணிக்க, 28 முதல் 32 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்க விரும்புகிறோம்.

வழியில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் இருப்பதால், நீருக்குள் அதிகம் இறங்காத அடிப்பாகம் தேவை என்று கருதுகிறோம். ஒற்றைக் கீல் (படகின் அடியிலிருந்து நீருக்குள் நீளும் கனமான தகடு போன்ற பகுதி) உள்ள படகுகளின் அடிப்பாகம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் நீருக்குள் இறங்குகிறது. இரட்டைக் கீல் ஏறத்தாழ ஒரு மீட்டரில் நின்றுவிடும், ஆனால் எதிர்க்காற்றில் பக்கவாட்டில் அதிகம் நழுவும். வற்றும் நீரில் தரைதட்டினாலும் நிமிர்ந்து நிற்கும் என்பதே அதன் பெருமை. ஓதத்தில் கடல் நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறாத நம் கரையில் அதனால் என்ன பயன்? தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களை எண்ணினால் எனக்கு ஒற்றைக் கீலே மேல் என்று தோன்றுகிறது; மனைவி உடன்படவில்லை.

பார்த்த படகொன்றில், மேல்தளத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டியபோது, பாய்மரத்தின் அடியில் மட்டும் ஓசை மந்தமாக இருந்தது. தளத்தின் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் உள்ள மரம் நீரில் ஊறியிருக்குமோ? பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளும் 15 ஆண்டுகளாக மாற்றப்படவில்லை. இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவையும், நம்பகமான படகு மதிப்பீட்டாளரை அணுகும் வழியையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.