மறு: ‘விண்ட் விண்டோ’வுக்குத் தமிழ்: காற்றுச் சாளரமா, பட்டவெளியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்கும் கைட்சர்ஃபிங் என்பதற்குப் ‘பட்டச்சறுக்கு’ என்று நம் கலைச்சொல் மடலிழையில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நல்ல சொல். ‘அலை’யைச் சேர்க்காமல் விட்டது இன்னும் நல்லது. புதிதாகக் கற்க வருபவருக்கு வேண்டியது அலையில்லாத, இடுப்பளவுத் தண்ணீர்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றபோது, மார்செய் கடலில் நடந்ததும் வேகப் பந்தயம்தான். அலைமேல் வித்தை காட்டுவதல்ல.

அடுத்த சொல்லான ‘விண்ட் விண்டோ’வில்தான் எனக்கு மாறுபாடு. சறுக்குபவரைச் சுற்றிப் பட்டம் பறக்கக்கூடிய இடத்துக்கான பெயர் அது. நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> மூலச்சொல்லில் சன்னல் இருப்பதால் ‘காற்றுச் சாளரம்’ என்பதே பொருத்தம்.

பயிற்சியின் முதல் நாள், தண்ணீரில் கால் வைக்கும் முன்பே மணலில் நிற்கவைத்துச் சொல்லித்தருவது இதைத்தான். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். ஒரு கை நுனியிலிருந்து தலைக்கு மேலாக மறு கை நுனி வரை ஒரு வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவிலிருந்து உங்களுக்கு முன்னால் புடைத்து நிற்கும் கால்கோளம்தான் பட்டம் பறக்கக்கூடிய இடம். அதன் ஆரம் கயிற்றின் நீளம்; பெரும்பாலும் 20 முதல் 24 மீட்டர். உங்கள் முதுகுப் பக்கம் பட்டம் நிற்காது. சாளரம் என்றதும் மனதில் வருவது தட்டையான ஒரு சட்டம். இந்தப் புடைப்பு அதில் வரவே வராது, ஆனால் கற்பவர் மனதில் பதிய வேண்டியதே அந்தப் புடைப்புதான். அதனால் ‘பட்டவெளி’ என்று முன்மொழிகிறேன். ‘காற்றுவெளி’ ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குவதால் அதைத் தொடவில்லை.

பட்டவெளியின் உறுப்புகளுக்குப் பாதி வேலை மிச்சம். தலைக்கு நேர் மேலே ‘உச்சி’, இரு பக்கமும் ‘ஓரம்’. இந்த இடங்களில் பட்டம் சாதுவாக இருக்கும். நடுவே, காற்று முழுதாக மோதிப் பட்டம் பலமாக இழுக்கும் பகுதிக்கு ‘இழுபுலம்’ எனலாம். காந்தப்புலம், மின்புலம் என்று படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ‘ஆற்றல் மண்டலம்’ வேண்டாம். பாடநூல்களில் ஆற்றல் எனர்ஜிக்குப் போய்விட்டது; அதோடு எதை எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. இழுபுலம் சொல்கிறது.

அப்புறம் ‘டீபவர்’, அதாவது பட்டத்தின் இழுப்பைக் குறைப்பது. இதைத்தான் நாம் எல்லாவற்றையும்விடக் கவனமாக ஆக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பட்டத்தை இயக்கக் கையில் பிடிக்கும் ‘பார்’ என்ற கம்பிக்குப் ‘பிடிகோல்’ என்று வைத்துக்கொள்வோம். அதைத் தன்பக்கம் இழுத்தால் பின்கயிறுகள் இறுகி விசை கூடும், தள்ளினால் குறையும். தொடக்கத்தில் ஒருவர் பட்டத்தை உச்சியிலிருந்து கொஞ்சம் வேகமாக இறக்கிவிடுவார். அது இழுபுலத்துக்குள் பாயும்போது இடுப்புவார் வெடுக்கென்று இழுக்கும், குதிகால் மணலைவிட்டுக் கிளம்பும். அந்த நொடியில் கை தானாகவே பிடிகோலை மார்போடு இழுத்துக்கொள்ளும். விழப்போகும்போது கையில் இருப்பதை இறுகப் பற்றுவது உடம்பின் இயல்பு. இங்கேயோ, பற்றப் பற்ற இழுப்பு கூடும். கையை எடுத்துவிட்டால் பிடிகோல் தானே நழுவி விலகும், பட்டம் அடங்கும். பட்டம் இடுப்புவாரின் கொக்கியில் மாட்டியிருப்பதால் எங்கும் ஓடிப்போகாது.

அந்த இடத்தில் பயிற்றுநர் ‘விசைக்குறைப்பு’ என்று கத்திக்கொண்டிருக்க முடியாது. அவர் வாயில் வர வேண்டியது ‘விடு!’ என்ற ஒரே சொல். ஆகவே கலைச்சொல்லும் அதே வினையிலிருந்து பிறக்கட்டும்: ‘விசைவிடல்’. ஏட்டில் படித்ததும் காதில் விழுவதும் ஒன்றாக இருந்தால் கை தயங்காது. விட்டும் அடங்காவிட்டால் அடுத்த கட்டளை ‘கழற்று!’. அதற்கான பாதுகாப்புக் கருவியைக் ‘கழல்கொக்கி’ எனலாம். அதைத் தள்ளியதும் பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கி, விசையிழந்து படுத்துவிடும்.

காற்றின் திசைப் பெயர்களிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதைக் ‘கரைக்காற்று’ என்று ஒரு மடலில் பார்த்தேன். கரையை நோக்கி வீசும் காற்று என்றும் அதைப் படிக்கலாமே! நிலத்திலிருந்து வீசும் காற்றில் இறங்கினால், தடுமாறும் ஒவ்வொரு முறையும் ஆழ்கடல் பக்கமே போய்க்கொண்டிருப்போம். கற்பவர் அதில் இறங்கவே கூடாது. நீளமானாலும் ‘கடல்நோக்கு காற்று’, ‘கரைநோக்கு காற்று’ என்று திசையைப் பெயரிலேயே வைத்துவிடுவோம். கற்க ஏற்றது பக்கவாட்டில் சாய்ந்து கரை சேர்க்கும் காற்று. ‘சாய்கரைக் காற்று’ சரியாக வரும். வேகம் மணிக்கு 22 முதல் 33 கிலோமீட்டர் வரை, விட்டுவிட்டு அடிக்காமல் சீராக இருக்க வேண்டும்.

பலகைமேல் நிற்பதற்கு முன், பலகையில்லாமல் பட்டத்தால் தண்ணீரில் இழுபட்டுப் போகப் பழக்குவார்கள். ‘உடல் இழுவை’ என்றால் ஏதோ நோய்போல ஒலிக்கிறது. ‘இழுநீச்சல்’ எப்படி? கைவீச்சு இல்லாததால் அது நீச்சலே அல்ல என்று மறுக்கலாம். ஆனாலும் இது வீண்வேலையல்ல, கைகொடுக்கும் திறமை என்பதைச் சொல் உணர்த்துகிறது. விழும்போது பலகை காற்று வரும் பக்கம் தங்கிவிடும், பட்டம் நம்மை மறுபக்கம் இழுக்கும். ஒரு கையைத் தண்ணீரில் கத்தியாக நீட்டி, பட்டத்தை ஒரு பக்கம் 45 பாகையில் தாழ்த்தி வைத்து, குறுக்கும் மறுக்குமாக இழுநீச்சல் போட்டுத்தான் பலகையைப் பிடிக்க வேண்டும்.

பலகையைக் காலில் மாட்டித் தண்ணீரிலிருந்து எழுவதற்கு ‘எழுகை’. ‘நீர்த்தொடக்கம்’ என்பதில் எழும் செயலே காணோம். எழுகையில் எல்லோரும் முதலில் தடுக்கி விழுவது அவசரத்தால். பட்டம் தூக்கும் முன் தாமே நிமிரப் பார்ப்பார்கள்.

தொடக்கப் பாடம் சுமார் 10 மணி நேரம் என்றால், அதன் பின்பாதியில்தான் பலகையே கைக்கு வரும். எழுந்து நின்ற பிறகும், காற்று போகும் பக்கமே ஒதுங்கி, பலகையைத் தூக்கிக்கொண்டு கரையோரம் திரும்பி நடக்கும் காலம் ஒன்று உண்டு. அது தீர்வது காற்றுக்கு எதிராக முன்னேறத் தெரிந்த பிறகுதான். ஆற்றில் மீன் எதிரேறுவதுபோல அதை ‘எதிரேற்றம்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். காற்றை நேருக்கு நேர் அல்ல, சாய்வாகவே வெட்டிப் போக முடியும் என்பது இதில் வரவில்லை. ‘சாய்வேற்றம்’ என்றால் வருகிறது, ஆனால் காற்று மறைந்துபோகிறது. இந்த இரண்டில் எது, அல்லது வேறு ஏதாவது உண்டா என்று எழுதுங்கள். மற்றவற்றுக்கு மறுப்பு இல்லையென்றால் குழுமத்தின் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்